மில் சங்கு மூன்று முறை

எங்கள் வீட்டுக்கு நேர் மேலே, கூப்பிடு தூரத்தில், ஒரு செல்போன் கோபுரம் நிற்கிறது. இடம் பார்க்க வந்தவர்களை மலையில் ஏற்றிச் சென்று காட்டியவனே நான்தான். இந்த மலைச் சாலையின் பராமரிப்பு வேலையில் ஓய்வு பெறும்வரை மேற்பார்வையாளனாக இருந்தவன். என்னைக் கேட்காமல் இந்தச் சரிவில் ஒரு கல்லும் புரண்டதில்லை. கோபுரம் எழுந்தது, மலைக்கு அப்பாலுள்ள ஊர்களெல்லாம் பேச ஆரம்பித்தன. எங்கள் வீட்டில் மட்டும் சிக்னல் இல்லை. கோபுரம் தூரத்தைப் பார்த்து நிற்கிறது, அதன் காலடியில் இருப்பவர்களைப் பாறை மறைத்துவிடுகிறது என்று செல்போன் கடைக்காரர் விளக்கினார். இதை நான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

மாடி ஜன்னல் கட்டையில் ஒரு டம்ளர் இருக்கும். போனை அதற்குள் நிறுத்தி வைத்தால் ஒரு கோடு வரும். ஜன்னலைத் திறந்தால் போய்விடும். மழை வந்தாலும் போய்விடும். அம்மா பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டாலே போய்விடும் என்று என் மகள் சொல்வாள்.

அந்த ஒரு கோட்டில்தான் அவள் உயிர் இருந்தது. அவளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரம் இரண்டு முறை நகரத்துக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவாள். இறந்துபோன யாருடைய சிறுநீரகமாவது பொருந்துவதுபோல் இருந்தால் மருத்துவமனையிலிருந்து போன் வரும். வந்த உடனே புறப்பட வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

இது எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தைப் பார்த்து யாரும் இதுவரை ‘பாவம்’ என்று சொன்னதில்லை. என் காலத்தில் அது தொடங்க வேண்டாம் என்று நினைத்தேன். அதனால் மகள் நகரத்தில் தையல் வகுப்புக்குப் போகிறாள் என்று சொல்லிவைத்தோம். ஒரு துணிப்பையும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவாள்.

"ரெண்டு வருஷமா படிக்கிற, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு சட்டை தச்சுக் குடேன்" என்று ரொட்டிக்கடை அம்மா ஒருநாள் வழிமறித்தாள்.

"காலர் இன்னும் கைக்கு வரலைங்க" என்றாள் மகள், முகம் மாறாமல். என் மகள் அல்லவா.

மழைக்காலத்தின் நடுவில் ஒருநாள், டம்ளரில் அந்த ஒரு கோடும் வராததால் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரொட்டி வாங்கக் கீழே இறங்கினேன். கடை வளைவில் சிக்னல் கிடைத்ததும் அது ஓயாமல் துடித்தது. மருத்துவமனை காலையிலிருந்து அழைத்திருக்கிறது. அங்கேயே நின்று கூப்பிட்டேன். பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் பெண் பேசினாள்.

"சார், உங்களைப் புடிக்கவே முடியலை. அடுத்தவங்களுக்குக் குடுத்தாச்சு. நிச்சயமா எடுக்கிற மாதிரி ஒரு நம்பர் குடுங்க சார். இல்லைன்னா பேரைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கச் சொல்றாங்க."

வீட்டில் சொன்னபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். மகள்தான் முதலில் பேசினாள்.

"யாருக்குப் போச்சோ, அவங்க நல்லா இருக்கட்டும். அப்பா, அத்தை வீட்ல சிக்னல் ஃபுல்லா எடுக்குமாம்."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"ஊர் சொல்றதை நாம எப்பவும் கேட்டதில்லை."

அத்தை என்று அவள் சொன்னது என் தங்கையை. எதிர்ச்சரிவில் மரம் அறுக்கும் மில் வைத்திருப்பவர் அவள் கணவர். நான் அவரை மில்காரர் என்றுதான் சொல்வேன். எங்கள் வீட்டுக்குப் புது வாசற்கதவு வைத்த அன்று விருந்தாளிகள் எல்லோரும் இருக்கும்போது அவர் கதவை விரலால் தட்டிப் பார்த்து, "வெளியே நல்ல பாலிஷ். உள்ளே என்ன மரம்னு மச்சானுக்குத்தான் தெரியும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த மில் வாசலை நான் மிதித்ததில்லை. கதவு முழுவதும் ஒரே மரம். இன்றைக்கும் அறுத்துக் காட்டத் தயார்.

அதனால் முதலில் கடைக்காரரை அழைத்து, சிக்னலைக் கூட்டும் கருவி ஒன்றை வாங்கிக் கூரையில் பொருத்தச் சொன்னேன். கோபுரத்தைப் பார்த்து வைக்கச் சொல்லி நானே கீழே நின்று கை காட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. கோடு மட்டும் கூடவில்லை.

"கொஞ்சமாவது இருந்தாத்தான் ஐயா பெருசாக்க முடியும்" என்றார் அவர், ஏணியிலிருந்து இறங்கியபடி. "நீங்க போனைக் கையில வச்சுக்கிட்டு மலையைச் சுத்தி நடங்க. எங்க ஏறுதுன்னு பாருங்க. அங்கதான் வழி."

மறுநாள் காலை குடையும் கம்பளிக் கோட்டுமாகக் கிளம்பினேன். தலை குனிந்து பழக்கமில்லாதவன் நான். அன்று போனைப் பார்த்துக் குனிந்த தலை நிமிரவில்லை. தண்ணீர்த் தொட்டியருகே ஒரு கோடு. பழைய கல்குவாரியில் ஒன்றும் இல்லை. பாலத்தைத் தாண்டியதும் இரண்டானது. மேட்டில் ஏறினேன், மூன்று. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம், வெகு தூரத்தில் இருக்கும் வேறொரு கோபுரத்திலிருந்து வருகிறது என்று புரிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நடந்தேன். நான்கு கோடும் நிரம்பியபோது காலடியில் மரத்தூள் மெத்தென்று அழுந்தியது. நிமிர்ந்து பார்த்தால் மில் வாசல்.

மில்காரர் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க மச்சான். கதவு ஏதும் வேணுமா?"

"சிக்னல் பார்க்க வந்தேன்" என்றேன். திரும்பியிருப்பேன். போன் நான்கு கோட்டோடு கையில் இருந்தது.

அலுவலக அறைக்குள் தங்கை கணக்கு பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரம்பம் ஓடியது. இந்தப் பக்கம் பேச்சு தெளிவாகக் கேட்டது. என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்தாள். நான் நின்றபடியே, சுருக்கமாக, விஷயத்தைச் சொன்னேன். வெளியே யாரிடமும் இதைச் சொன்னது அதுவே முதல் தடவை.

"பொண்ணு இங்கேயே வந்து இருக்கட்டும் அண்ணா" என்றாள் தங்கை.

"இந்தத் தூசியிலயா? அந்தப் புள்ளைக்கு ஆகாது" என்றார் மில்காரர் அவளிடம். "போன் மட்டும் இங்க இருக்கட்டும். பகல்ல உன் மேசையில, ராத்திரி உன் தலைமாட்டில. கூப்பிட்டாங்கன்னா சங்கை மூணு தடவை ஊதுறேன். வேலை தொடங்க ஒண்ணு, முடிய ஒண்ணு. மூணு ஊதினா அது நம்ம புள்ளைக்கு. மலை பூராக் கேக்கும்."

"என் மகளுக்குச் சங்கு ஊதுறேன்னு என்கிட்டயே சொல்றீங்களா?"

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது. "சரி மச்சான், சைரன்னு சொல்றேன். போதுமா?" என்றார் மில்காரர்.

"ஊர் முழுக்க என்னன்னு கேக்கும்."

"கேக்கட்டுமே. புள்ளை பெருசா, ஊர் பெருசா?"

மருத்துவமனைக்காரப் பெண்ணின் குரல் காதில் இருந்தது. போனை மேசைமேல் வைத்தேன். நேராக வைத்தேன், விளிம்பிலிருந்து தள்ளி. திரும்பி நடந்தபோது இரண்டாவது முறையாக அந்த மரத்தூளை மிதித்தேன்.

அதன்பின் எங்கள் வீட்டில் டம்ளர் டம்ளராக மட்டும் இருந்தது. மனைவி ஜன்னலைத் திறந்து வைத்தாள். காலையிலும் மாலையிலும் சங்கு ஊதும்போதெல்லாம் மூவரும் வாய்க்குள் எண்ணுவோம். ஒன்றோடு நின்றுவிடும். மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

மழை விட்ட ஒரு முற்பகலில், வேளை அல்லாத வேளையில் அது ஊதியது. ஒன்று. மகள் தலை வாரிக்கொண்டிருந்தாள். இரண்டு. மனைவி பையைத் தூக்கினாள், அது எப்போதும் தயாராகவே இருக்கும். மூன்றாவது ஓசை அடங்குமுன் மில் ஜீப் எங்கள் வாசலில் நின்றது. சங்கைத் தங்கையிடம் விட்டுவிட்டு, அழைப்பு வந்த உடனே கிளம்பி ஓட்டி வந்தவர் மில்காரரே.

"ரத்தம் பொருந்துதான்னு அங்க போனதும் பார்ப்பாங்களாம். ரோட்டுல சிக்னல் நிக்காது. நடுவுல ஏதாவது கேக்கணும்னா அந்த போன்லதான் கூப்பிடுவாங்க. அப்பா போன் பக்கத்துல இருக்கணும்னு சொன்னாங்க. நீங்க மில்லுக்குப் போங்க மச்சான், இவங்களை நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்."

"மழையில சரிஞ்ச மண்ணு கிடக்கு. வளைவுல மர லாரி வரும்" என்றேன்.

"மூணு ஊதினா லாரியெல்லாம் ஓரங்கட்டணும்னு அன்னிக்கே சொல்லி வச்சாச்சு. மண்ணை நேத்தே அள்ளிட்டாங்க."

"யாரு அள்ளினா? எதுக்குன்னு சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலை மச்சான். பஸ் கண்டக்டர் வாராவாரம் அந்தப் புள்ளையை ஆஸ்பத்திரி வாசல்லதானே இறக்கி விடுறான். ஊருக்கு எப்பவோ தெரியும். நீங்க சொல்லலை, அவங்க கேக்கலை. அவ்வளவுதான்."

மகள் அம்மாவோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். பழக்க தோஷத்தில் துணிப்பையும் மடியில் இருந்தது. "அப்பா, போனைக் கீழ வைக்காதீங்க" என்றாள். ஜீப் இறங்கியது. மேலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் லாரிகள் மலைப்பக்கமாக ஒட்டி நின்றன. நான் வேலை பார்த்த காலத்தில் எத்தனை சொல்லியும் அவை அப்படி ஒதுங்கியதில்லை.

பகல் முழுவதும் மில் அலுவலகத்தில், அவருடைய நாற்காலியில், போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனை ஒருமுறை கூப்பிட்டது. காய்ச்சல் இருந்ததா, கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்கள். முதல் மணியிலேயே எடுத்துச் சொன்னேன். தங்கை சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். நான் ஒரு கையால் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

வெயில் சாயும்போது போன் அடித்தது. மில்காரர் குரல்.

"மச்சான், பொருந்திடுச்சு. இப்பதான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. புள்ளை சிரிச்சுக்கிட்டேதான் போச்சு. டாக்டருக்கு நம்பிக்கை இருக்கு."

போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டேன். "சிக்னல் போயிடுச்சா?" என்று அந்தப் பக்கம் கேட்டது.

"இருக்கேன், மாப்பிள்ளை" என்றேன். "நல்லா கேக்குது."

வெளியே ரம்பம் எப்போதோ நின்றிருந்தது. வேலையாட்கள் வீட்டுக்குப் போகாமல் மரக்கட்டைகள்மேல் உட்கார்ந்து கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாயங்காலச் சங்கு இன்னும் ஊதலை அண்ணா" என்றாள் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தச் சிவப்புப் பொத்தான். ஒரு தடவை."

எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு அழுத்தினேன். மூன்று முறை அழுத்தினேன்.

வாசலுக்கு வந்தபோது, ரொட்டிக்கடை அம்மா கையில் மாவோடு மேடேறி மூச்சு வாங்க நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"காலர் கைக்கு வந்துடுச்சாங்க?"

"வந்துக்கிட்டிருக்கும்மா" என்றேன். "உங்க வீட்டுக்காரர் அளவைக் குடுத்தனுப்புங்க."