பிடுங்கப்பட்ட பிளக்

மொட்டைமாடி அறைக்குள் வந்ததும் இளமதி மீன் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். தண்ணீர் சில்லென்று இருந்தது.

மார்கழிக் குளிர் சிதம்பரத்துக்காரர்களை ஒரு ஸ்வெட்டரோடு விட்டுவிடும். டிஸ்கஸ் மீனை விடாது. வெதுவெதுப்பு குறைந்தால் அந்தத் தட்டை மீன் கறுத்துப் போய், மூலையில் ஒதுங்கி, தீனியை மறந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேறு. அதனால்தான் தொட்டியைச் சுற்றித் தெர்மகோல் ஒட்டி, மேலே பழைய கம்பளியைப் போர்த்தி, ஹீட்டரை ராப்பகலாக ஓடவிட்டிருந்தாள். இரண்டு வருஷமாக இட்ட முட்டையை எல்லாம் தானே தின்று தீர்த்த ஜோடி, இப்போதுதான் முதன்முறையாகக் குஞ்சு பொரித்திருந்தது. பெற்றதுகளின் உடம்பில் ஊறும் வழவழப்பைக் கொத்தித் தின்றுதான் அந்தக் குஞ்சுகள் வளரும். நேற்று மாலை வரை தாயின் விலாவில் மொய்த்துக்கொண்டு கிடந்தன.

இப்போது விலாவில் ஒன்றுகூட இல்லை. பாதிக்கு மேல் அடியில் வெள்ளைத் துகளாகக் கிடந்தன. மிச்சம் தொட்டியின் தரையோரம் துடித்துக்கொண்டிருந்தன.

ஹீட்டரின் பிளக் சுவரோரம் தொங்கியது. அது இருந்த இடத்தில் வேறொரு ஒயர். அதைப் பிடித்துக்கொண்டே வெளியே போனாள். மறுமுனையில் ஓர் அண்டாத் தண்ணீர், அதற்குள் தண்ணீர் காய்ச்சும் ராடு, ஆவி பறந்தது. பக்கத்தில் துண்டும் தானுமாகத் தட்சிணாமூர்த்தி. கணவன் நடராஜின் அக்காள் புருஷன். ஆருத்ரா தரிசனத்துக்காகக் கடலூரிலிருந்து வந்தவர், ராத்திரி மீன் அறையில்தான் படுத்திருந்தார்.

"மீன் பிளக்க யாருண்ணே புடுங்குனது?"

"நான்தாம்மா. ராத்திரி பூரா தண்ணிக்குள்ள கரண்டு ஓடிக்கிட்டுக் கெடந்தா ஆபத்தில்லியா? பக்கத்துல மனுஷன் படுத்திருக்கேன்."

"இப்ப அண்டாவுக்குள்ள ஓடுறது என்னாது?"

அவர் அண்டாவைக் குனிந்து பார்த்தார். "இது குளிக்கிறதுக்கு. கோயிலுக்கு நேரமாவுதில்ல? நடராஜ்கிட்ட கேட்டுட்டுதான் புடுங்குனேன். மீனுதான மாமா, புடுங்கிடுங்கன்னான்."

இளமதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உறவு என்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? ஆசை ஆசையாக வளர்த்ததைக் கொன்றுவிட்டுக் குளிக்க வெந்நீர் ஒரு கேடா? சுவிட்சை அணைத்து ராடை உருவிப் போட்டாள். ஹீட்டரை மாட்டினாள். அது மட்டும் போதாது, தொட்டி சூடேற மத்தியானம் ஆகிவிடும். காலி வாட்டர் பாட்டில்களைப் பொறுக்கிவந்து, அண்டா வெந்நீரை நிரப்பி, மூடியை இறுக்கித் தொட்டிக்குள் மிதக்கவிட்டாள். ஆறியதைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினாள். அண்டா காலியாகிக்கொண்டே வந்தது.

"எனக்குக் குளிக்கத் தண்ணி?"

"கொழாயில வருதுண்ணே. பச்சத்தண்ணியில குளிச்சா மனுஷன் சாவ மாட்டான்."

தட்சிணாமூர்த்தி விருட்டென்று படியிறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் நடராஜ் மேலே வந்தான்.

"பெரியவுங்கள இப்பிடியா பேசுவ? மாமாகிட்ட மன்னிப்பு கேளு. அவரு தெரியாமப் பண்ணிட்டாரு."

இளமதி தொட்டியை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. தாய் மீனின் கறுப்பு லேசாக வெளுக்கத் தொடங்கியிருந்தது. விலாவில் விரல்விட்டு எண்ணும்படி நாலைந்து குஞ்சுகள் வந்து ஒட்டியிருந்தன. இருநூறுக்கு நாலைந்து.

"அவரு தெரியாமதான் பண்ணாரு. நீங்க தெரியாமயா சொன்னீங்க? குஞ்சு பொரிச்சன்னிக்கு மொதல்ல யாரக் கூட்டியாந்து காட்டுனேன்?"

ஆறிப்போன பாட்டில் ஒன்றை எடுத்து இளமதி வெளியே வைத்தாள்.

"நாளைக்கு இந்த ரூமுக்குப் பூட்டு வாங்குறேன். ஒங்க மாமாவுக்குன்னு நெனைக்காதீங்க. அவரு சாயங்காலம் ஊருக்குப் போயிடுவாரு."