விமானத்தில் ஆடிய தூளி

எழுதத் தெரிந்தவர்கள் ஏராளமாக உள்ள ஊரில், கடிதங்களைத் தவிர வேறெதுவும் எழுதியறியாத ஒரு கை கதை சொல்லத் துணிவது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை என்பதைத் தவிர, இதற்கு வேறு நியாயம் எதுவும் என்னிடம் இல்லை.

அஸ்தினாபுரம் தனசேகருக்குப் பெருங்களத்தூரில் இரும்புச் சாமான் கடை. அவர் மனைவி சரிதா சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிந்தார். 2007ஆம் ஆண்டு ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, நிறுவனம் அவரை ஆறு மாத வேலையாகப் புனேவுக்கு அனுப்பியது. நெடுநாள் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு அது. "நீ நிம்மதியா போ, பட்டுவ நான் பாத்துக்கறேன்" என்று தனசேகர்தான் தைரியம் சொல்லி அனுப்பினார். மகள் பட்டுவுக்கு அப்போது ஒன்றேகால் வயது.

முதலில் தொலைபேசியில் அம்மாவின் குரல் கேட்டால் பட்டு ரிசீவருக்கு முத்தம் கொடுப்பாள். பொங்கல் கழிந்த பிறகு முத்தம் நின்றுவிட்டது. ரிசீவரை நீட்டினால் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள்.

"என்னை மறந்துட்டா" என்றார் சரிதா ஒருநாள். "ஒரு தடவ இங்க கூட்டிட்டு வாங்க. என்கிட்ட வந்துட்டான்னா மீதி மாசத்தையும் முடிச்சுடறேன். வரலைன்னா, அன்னைக்கே வேலைய எழுதிக் குடுத்துட்டு உங்ககூடவே கெளம்பிடுவேன்."

சொன்னால் செய்யக்கூடியவர் சரிதா. ஒரு குழந்தையின் சிணுங்கலில் அத்தனை உழைப்பும் போய்விடக் கூடாதே என்று தனசேகர் கவலைப்பட்டார்.

பட்டுவிடம் ஒரு குணம் உண்டு. தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தால் காய்கறி வண்டிக்காரரிடம்கூடத் தாவிவிடுவாள். தூக்கம் கெட்டாலோ தகப்பன் கழுத்தைத் தவிர வேறு கதி கிடையாது. அந்தத் தூக்கமும் எங்கே வேண்டுமானாலும் வந்துவிடாது. சரிதாவின் பழைய ஊதா நிறப் பருத்திப் புடவையில் கட்டிய தூளி வேண்டும். அது தொங்கும் கொக்கி, தனசேகர் தம் கடையிலிருந்தே கொண்டுவந்து மாட்டியது. ஆட்டும்போதெல்லாம் 'கிறீச்' என்று முனகும். சத்தம் தாங்காமல் ஒருநாள் எண்ணெய் விட்டார்கள். அன்று பட்டு இமை மூடவே இல்லை. கடைசியில் சரிதா தூளியை ஆட்டிக்கொண்டே தம் வாயால் கிறீச்சிட்டு உறங்க வைத்தார். அதன் பிறகு அந்தக் கொக்கிக்கு யாரும் எண்ணெய் காட்டவில்லை.

ஆகவே, புனேவுக்குப் புறப்பட்ட அன்று தனசேகர் பையில் முதலில் மடித்து வைத்தது அந்தப் புடவையைத்தான். நண்பகல் விமானம், சரியாகப் பட்டு உறங்கும் வேளை. ரயிலில் தாய்மார்கள் மேல்பலகைச் சங்கிலியில் தூளி கட்டுவதை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். இவ்வளவு பெரிய விமானத்தில் அதற்கு ஓர் இடம் இல்லாமலா போகும் என்று நம்பி ஏறினார்.

மூன்று இருக்கைகளில் நடு இருக்கை காலி. சன்னலோரம் ஜோதிலட்சுமி என்ற அம்மாள் இருந்தார். கானத்தூர்க் கடற்கரையில் மீன் வியாபாரம். புனேவிலுள்ள மகனைப் பார்க்கப் போகிறாராம். அவருக்கும் இதுவே முதல் விமானம்.

விமானம் மேலெழும்பியதும் பட்டு காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள்.

"பால குடு நைனா, முழுங்க முழுங்க காதடப்பு வுட்டுடும்" என்றார் ஜோதிலட்சுமி.

அவசரத்தில் பால் புட்டியின் மூடி எங்கோ உருண்டோடியது. உதைத்த உதையில் ஒரு செருப்பும் பறந்தது. பால் தீர்ந்தது, காதுவலி போய்த் தூக்க அழுகை தொடங்கியது. பெல்ட் விளக்கு அணைந்ததுதான் தாமதம், தனசேகர் குழந்தையை ஜோதிலட்சுமியிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். புடவையின் ஒரு தலைப்பை, தலைக்கு மேலிருந்த பெட்டியின் கைப்பிடியில் முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தார். பெட்டி வாயைப் பிளந்துகொண்டது.

பணிப்பெண் ஓடி வந்தாள். சட்டையில் பியூலா என்று பெயர் குத்தியிருந்தது.

"சார்! என்ன சார் பண்றீங்க?"

"தூளி கட்றேம்மா. கம்பி ஒண்ணும் காணோம். எங்க கட்டணும்னு நீங்களே காட்டிட்டீங்கன்னா நல்லது."

பின்வரிசைகளில் சிரிப்பு வெடித்தது.

"ப்ளைட்ல தூளியெல்லாம் கட்டக்கூடாது சார்."

"ட்ரெயின்ல கட்டுறாங்களேம்மா!"

"ட்ரெயின் இவ்ளோ ஒயரத்துலயா சார் போகுது?"

தனசேகர் காது மடல்கள் சிவக்க முடிச்சை அவிழ்த்தார். அதில் ஒரு சட்டைப் பொத்தானும் தெறித்தது.

"இன்னா நைனா, ஆகாசத்துல வந்து தூலம் தேடிக்கினு கீறியே!" என்றார் ஜோதிலட்சுமி. "அந்தத் தலப்ப இப்டி குடு. ஒண்ணு உன் கைல, ஒண்ணு என் கைல. நடு சீட்டு சும்மாதானே கீது? வல இஸ்த்த கை இது. உன் பொண்ணு ஒரு வஞ்சிர மீனு கனங்கூட இருக்க மாட்டா."

பியூலா ஒருகணம் யோசித்தாள். பட்டுவின் அழுகை யோசிக்க விடவில்லை.

"லைட் எரிஞ்சா உடனே மடியில வெச்சு பெல்ட் போட்டுடணும் சார். சரியா?"

"சத்தியமாம்மா."

நடு இருக்கைக்கு மேலே ஊதாத் தூளி ஆடியது. அழுகை நின்றது. ஆனால் உள்ளே இரண்டு கண்களும் அகல விழித்தபடியே இருந்தன. என்ன குறை என்று தனசேகருக்குத் தெரியும். அக்கம்பக்கம் பார்த்தார். பெருங்களத்தூர்க் கடைத்தெருவில் நான்கு பேர் மதிக்கும் மனிதர், உதட்டைக் குவித்து மெல்ல, "கிறீச்" என்றார்.

"இன்னாபா, வவுறு சரியில்லியா?"

"இல்லீங்க… எங்க வீட்டுக் கொக்கி இப்படித்தான் சத்தம் போடும். அது கேட்டாத்தான் தூங்குவா."

"அட, அத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா!" என்ற ஜோதிலட்சுமி, மீன் கூவி விற்ற குரலில் ஒரு "கிறீச்" போட்டார். முன்வரிசைப் பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பினார். இரண்டு கொக்கிகளும் மாறி மாறி முனக, பட்டு உறங்கிப்போனாள். இறங்கும் நேரத்தில் பெல்ட் விளக்கு எரிந்து மடிக்கு மாற்றியபோதும் விழிக்கவில்லை.

புனேவில் தூங்கி எழுந்த முகத்தோடு, தகப்பன் தோளில் அமர்ந்து வேடிக்கை பார்த்தபடி வெளியே வந்தாள் பட்டு. கம்பித் தடுப்புக்கு அப்பால் சரிதா காத்திருந்தார். கூந்தலைக் குட்டையாக வெட்டியிருந்தார்.

"பட்டு!" என்று இரு கைகளையும் நீட்டினார்.

பட்டு பார்த்தாள். பிறகு தகப்பன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நீட்டிய கைகள் நீட்டியபடியே நின்றன. "நான் சொன்னேன்ல" என்றார் சரிதா, சிரிக்க முயன்று.

தனசேகரின் தோளிலிருந்து புடவை தரை வரை தொங்கிக்கொண்டிருந்தது. "இதென்ன, ஊரையே பெருக்கிட்டு வர்றீங்க" என்று சரிதா குனிந்து தலைப்பை எடுத்தார். எடுத்த கை, பழைய பழக்கத்தில் தானாக அதை ஆட்டியது. வாயும் தானாகவே, "கிறீச்" என்றது.

புதைந்திருந்த தலை நிமிர்ந்தது.

"கிறீச்…"

பட்டு புடவையைப் பார்த்தாள். அந்த வாயைப் பார்த்தாள். "கீ!" என்று ஒரு கூவல் கூவி அப்படியே சரிதாவின் மேல் பாய்ந்தாள்.

சரிதாவுக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. "மீதி மாசத்தையும் முடிச்சுட்டுத்தான் வருவேன், ஆமா."

"யாரு வேணான்னாங்க?" என்றார் தனசேகர்.

மகனோடு அவ்வழியே போன ஜோதிலட்சுமி ஒரு நொடி நின்றார். "மூணாவது கொக்கி இதுதானா? நல்லா கீது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தப் பயணத்தில் தொலைந்தவை: பால் புட்டியின் மூடி ஒன்று, பட்டுவின் இடது கால் செருப்பு, தனசேகரின் சட்டைப் பொத்தான் ஒன்று, கூட்டத்தில் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்ட ஜோதிலட்சுமி அம்மாளின் முகவரி. வேறொன்றும் இல்லை.