குன்னத்தூர் டிரிப்

பெருமாநல்லூருக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது அம்பாசடர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. தங்கவேலு கியரை நியூட்ரலில் தள்ளி, மிச்சமிருந்த வேகத்திலேயே வண்டியை ஒரு வேலமரத்தடிக்கு ஒதுக்கினார். மணி ஏழே முக்கால்.

வண்டிக்குள் எட்டுப் பெண்கள் இருந்தார்கள். முன்னால் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர். எல்லோரும் குன்னத்தூர்ப் பக்கமிருந்து திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போகிறவர்கள். சோற்றுப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்கள். வியாழக்கிழமை நின்றது, வெள்ளிக்கிழமை நின்றது, இன்று சனிக்கிழமையும் நின்றுவிட்டது.

தங்கவேலு பின்பக்கம் போய், பெட்ரோல் டேங்க் வாயில் அடைத்திருந்த துணியை உருவி, ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். பெட்ரோல் முள் வேலை செய்து ஐந்து வருடமாகிறது. அளவு பார்க்க அந்தக் குச்சிதான். அதை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சாரதாமணியிடம் காட்டினார்.

"நீங்களே பாருங்க அம்மிணி. நாலு விரக்கடை இருக்குது."

சாரதாமணி ஈரத்தைத் தொட்டு முகர்ந்தாள். "இருக்குதுங்கண்ணா. அப்பறம் ஏனுங்க நிக்குது?"

"அதுதான் எனக்கும் தெரியல."

பெருமாநல்லூர் மெக்கானிக் போன வாரம் காயிலை மாற்றினார், கண்டென்சரை மாற்றினார். அப்படியும் வண்டி நின்றது. கால் மணி நேரம் சும்மா விட்டால் தானாகக் கிளம்பும். அன்றும் அப்படித்தான் எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் கிளம்பியது. கம்பெனி கேட்டுக்கு வந்தபோது எட்டே முக்கால் ஆகியிருந்தது. எட்டரைக்கு மேல் வந்தால் அரை ஷிப்ட் சம்பளம் கட். வாட்ச்மேன் எட்டுப் பெயரையும் எழுதிக்கொண்டான்.

மேனேஜர் படியிறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை போட்டவர், சத்தமாகப் பேசாதவர்.

"தானா நின்னு தானாக் கெளம்பறதுக்கு அது என்ன மாடுங்களா தங்கவேலு?"

"இல்லீங்க சார், என்னமோ ஒரு பால்ட்டு இருக்குதுங்க. பெட்ரோல் இருக்கறப்பவே…"

"நானும் வண்டி ஓட்டறவன்தானுங்க. பெட்ரோல் தீந்தா வண்டி நிக்கும். எடுத்து வித்தாத் தீரும். கால் மணி நேரத்துல எங்கியோ வாங்கி ஊத்திக் கெளப்பிக்கறீங்க." அவர் பெண்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் தங்கவேலுவைப் பார்த்தார். "உங்க வயசுக்கு நான் சத்தம் போட மாட்டேன். திங்கக்கெழம வந்ததும் சாவியக் குடுத்துருங்க. வேற ஆள் சொல்லியாச்சு."

தங்கவேலு அந்த வண்டியைப் பதினோரு வருடமாக ஓட்டுகிறார். முதலாளியின் அப்பா வைத்திருந்த வண்டி. வீட்டுக்குப் புது வண்டிகள் வந்தபோது ஆள் ஏற்றுவதற்கு ஒதுக்கினார்கள். எட்டுப் பேரின் முன்னால் அவரைத் திருடன் என்று சொல்லாமல் சொல்லியாயிற்று. வண்டிக் கதவைத் துடைக்கிற துணி கையிலேயே இருந்தது. அதை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

சாயங்காலம் அதே வண்டியில் திரும்பினார்கள். குன்னத்தூரில் இறங்குகிற நேரத்தில் சாரதாமணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கவனிச்சீங்களா? திங்க, செவ்வாய்ல இந்த வண்டி ஒருக்காக்கூட நின்னதில்லீங்க. எனக்கு அரை ஷிப்ட் போனதெல்லாம் வியாழனுக்கு மேலதான். ரெண்டு மாசமா அப்படித்தானுங்க."

தங்கவேலு யோசித்தார். "திங்கக்கெழமதான் பெட்ரோல் போடறது."

"அப்படீன்னா பெட்ரோல் கொறைஞ்சாத்தான் நிக்குதுங்க. ஆனா தீர்றதில்ல. குச்சியத்தான் நான் பாத்தனே."

அவள் போனபின்பு அவர் இறங்கி, மறுபடியும் குச்சியை டேங்குக்குள் விட்டுப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டியை மங்கலம் ரோட்டில் அப்துல் ரவூப்பின் குடோனுக்குக் கொண்டுபோனார். ரவூப் பனியன் வேஸ்ட் வியாபாரி. குடோனுக்குப் பின்னால் இருக்கிற காலியிடத்தில் எழுபத்தொன்பதாம் வருடத்து அம்பாசடர் ஒன்று வைத்திருந்தார். பக்கத்தில் நிற்கும் வெளிர்நீல பியட், நிட்டிங் மெஷின் பிட்டர் ஜெபக்குமாருடையது. சாத்தான்குளத்துக்காரன். மூன்று பேரும் ஒரே நாளில் ஒரே காயலாங்கடையில் ஒரே வைப்பர் மோட்டாரைக் கேட்டு நின்றதில் பழக்கமானவர்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு இங்கே கூடுவார்கள். ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்தால் மற்ற இருவர் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார்கள். சொந்த வண்டி இல்லாதவர் தங்கவேலு மட்டும்தான். அவர் கம்பெனி வண்டியைக் கொண்டுவருவார்.

ரவூப் அன்று தன் வண்டிக்குப் பிரேக் பார்ப்பதற்காக முன்சக்கரத்தைக் கழற்றி ஜாக்கியில் நிறுத்தியிருந்தார். தங்கவேலு சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, சக்கரத்தை அப்படியே போட்டுவிட்டுக் கையைத் துடைத்தார்.

"மொதல்ல நெருப்பா தண்ணியான்னு பாப்போம். ஸ்பார்க் நிக்குதா, பெட்ரோல் நிக்குதா? வண்டி நின்ன எடத்துலயே பாத்தாத்தான் தெரியும். ஜெபா, ஏறுங்க. அந்த அஞ்சு லிட்டர் கேனையும் எடுத்துக்கங்க."

"அது என்னத்துக்கு பாய்?"

"சொந்தக் காசுல வாங்கின பெட்ரோல். இன்னிக்கு எவ்வளவு ஓட்டறமோ அவ்வளவையும் டேங்க்ல திருப்பி ஊத்திரணும். நாளைக்குத் தங்கவேலு மேல ஒரு பேச்சு வரக் கூடாது."

அவிநாசி ரோட்டில் வேகமாகப் போனார்கள். திருமுருகன்பூண்டியில் சிலை செய்கிற பட்டறைகளுக்கு முன்னால் வண்டி இருமி நின்றது. உளிச் சத்தத்துக்கு நடுவே மூன்று பேரும் குதித்து இறங்கினார்கள். ஜெபக்குமார் ஒரு பிளக் ஒயரைக் கழற்றி எஞ்சின் உடம்புக்கு அருகே பிடித்தான். தங்கவேலு செல்ப் அடித்தார். நீலமாகப் பொறி தெறித்தது.

"நெருப்பு நல்லா இருக்குண்ணே."

ரவூப் கார்புரேட்டருக்குப் போகிற குழாயை உருவி ஒரு டம்ளருக்குள் விட்டார். மறுபடியும் செல்ப். டம்ளர் காய்ந்தே இருந்தது.

"தண்ணிதான் வரல." ரவூப் ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின்மேல் சுற்றினார். சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிப் போனால் குளிர்ந்ததும் வரும். அப்போதும் வரவில்லை. "சூடு இல்ல. ஒண்ணு கழிஞ்சுது."

ஜெபக்குமார் டேங்கிலிருந்து வருகிற குழாயைப் பம்பிலிருந்து பிரித்தான். அந்த இடத்தில் ஒரு நீளமான ரப்பர் குழாயை மாட்டி, பெடலுக்கு மேலே ஒயர் போகிற ஓட்டை வழியாக உள்ளே இழுத்து, மறுமுனையைக் கேனுக்குள் விட்டான். கேனை இரண்டு பாதங்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தான்.

"இப்ப டேங்குக்கும் வண்டிக்கும் சம்பந்தம் கெடையாது. ஓட்டுங்கண்ணே. எங்கேயும் மெதுவாப் போவாதீங்க."

அவிநாசி வரை போனார்கள், திரும்பினார்கள், மறுபடியும் போனார்கள். முப்பது கிலோமீட்டர். வண்டி ஒருமுறைகூடத் தயங்கவில்லை. தங்கவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருடம் பழகிய சத்தம் அது.

"பம்ப்பு நல்லது, கார்புரேட்டரும் நல்லது" என்றார் ரவூப். "வில்லங்கம் பின்னாலதான்."

குடோனுக்கு வந்ததும் ஜெபக்குமார் டேங்க் குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சினான். பெட்ரோல் வந்தது. துப்பிவிட்டு இன்னும் பலமாக உறிஞ்சினான். பாதியில் பட்டென்று நின்றது. உள்ளேயிருந்து யாரோ விரலால் அடைத்த மாதிரி இருந்தது. ஊதினான். டேங்குக்குள் குமிழி சத்தம் கேட்டது. உறிஞ்சினான், வந்தது. பலமாக இழுத்ததும் நின்றது. ஐந்து தரம் செய்து பார்த்தான். உதடு வெளுத்துப்போயிற்று.

"உள்ள ஒண்ணு கெடக்கு. இழுத்தா வந்து ஒட்டிக்கிடுது. விட்டா வெலகிப் போவுது. டேங்கு நெறைய இருந்தா எங்கேயோ மெதக்கும். கொறைஞ்சாத்தான் குழாய்க்கிட்ட வருது."

"சாரதாமணி இதத்தான் சொல்லுச்சு" என்றார் தங்கவேலு.

"யாருண்ணே அது?"

"செக்கிங்ல இருக்கற புள்ள."

"பாதி வேலைய அவுக முடிச்சிட்டாவளே!"

டேங்கைக் கழற்ற இரண்டு மணி நேரமாயிற்று. துருப்பிடித்த போல்ட்டுகளில் ஜெபக்குமார் நிட்டிங் மெஷின் எண்ணெயை விட்டு ஊறவைத்து, உடைக்காமல், கால் கால் சுற்றாகத் திருப்பி எடுத்தான். பெட்ரோலை வேட்டித்துணியில் வடிகட்டி டப்பாக்களில் பிடித்தார்கள். கடைசியில் டேங்கைக் கவிழ்த்துக் குலுக்கியபோது துருப் பொடியோடு கறுத்த ஒரு கட்டி விழுந்தது. ரவூப் அதை விரலால் விரித்தார். உள்ளங்கையகலத் துணி.

ஜெபக்குமார் வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பார்த்தான். "ரிப்பு துணி. பனியன் கழுத்துக்கு வைக்கிறது."

ரவூப் எழுந்து போய் டேங்க் வாயில் அடைத்திருந்த துணியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். அதே துணி. ஒரு ஓரம் பிய்ந்திருந்தது.

"மூடி எங்க தங்கவேலு?"

"மூணு மாசத்துக்கு முந்தி பங்க்ல காணாமப் போச்சுங்க பாய். ஆபீஸ்ல ரெண்டு தரம் எழுதிக் குடுத்தேன். 'வேஸ்ட் துணி மலையாட்டங் கெடக்குது, அத அடைச்சு ஓட்டுங்க'ன்னாரு மேனேஜர்."

மூன்று பேரும் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஜெபக்குமார் சிரித்துவிட்டான். தங்கவேலுவும் சிரித்தார். இரண்டு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

டேங்கை மூன்று தரம் அலசினார்கள். உள்ளே போகிற குழாயைத் தனியாகக் கழற்றி, அதன் முனையில் ஜெபக்குமார் பித்தளை வலை ஒன்றைச் சின்னத் தொப்பி மாதிரி வளைத்து ஈயத்தால் பற்றவைத்தான். நகையாசாரி வேலை மாதிரி சுத்தமாக இருந்தது. டேங்கை மாட்டி முடித்ததும் ரவூப் தன் வண்டியின் பெட்ரோல் மூடியைத் திருகி எடுத்துவந்து இதில் பொருத்தினார்.

"வேண்டாமுங்க பாய், உங்க வண்டிக்கு?"

"என் வண்டிக்கு இன்னும் சக்கரமே மாட்டல. காயலாங்கடையில கெடைக்கறப்ப வாங்கிக்கறேன்." வடித்த பெட்ரோலையும், காலையில் டேங்கிலிருந்து செலவான அளவுக்குக் கேன் பெட்ரோலையும் அளந்து ஊற்றி மூடியை இறுக்கினார்.

திங்கட்கிழமை எட்டேகாலுக்கே அம்பாசடர் கேட்டுக்குள் நுழைந்தது. தங்கவேலு துணியை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டுக் கொண்டுபோனார். சாரதாமணியும் கூடவே போய் ஆபீஸ் வாசலில் நின்றாள். மேனேஜர் ஷிப்மென்ட் விஷயமாகப் போனில் இருந்தார். பாட்டிலை ஒரு தரம் பார்த்தார்.

"துணிய அடைச்சது யாருங்க?"

"நீங்க சொன்னதுங்க சார்."

"நான் டேங்குக்குள்ள போடச் சொன்னனுங்களா?"

"அண்ணன் பெட்ரோல் விக்கலீங்க சார்" என்றாள் சாரதாமணி. "குச்சி விட்டு என்றகிட்டக் காட்டுனாருங்க. நாலு விரக்கடை இருந்துது."

"உங்களுக்கு பெல் அடிச்சாச்சுங்கம்மா." மேனேஜர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "நல்லதுங்க தங்கவேலு, வண்டி சரியானது சந்தோஷம். சாவிய அந்தத் தம்பிகிட்டக் குடுத்துருங்க. வரச் சொல்லிட்டேன், இனி மாத்த முடியாது."

வெளியே இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் காத்திருந்தான். மேனேஜரின் ஊர்க்காரன். தங்கவேலு அவனை வண்டியில் உட்காரவைத்து அரை மணி நேரம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். காலையில் சோக் எவ்வளவு இழுக்க வேண்டும், மூன்றாவது கியர் எங்கே மாட்டிக்கொள்ளும், மழையில் எந்தக் கதவு திறக்காது, ஏற்றத்தில் எந்தச் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். பையன் தலையாட்டினான். பிறகு அவர் மதிய பஸ்ஸில் ஊருக்குப் போனார்.

பக்கத்தில் இரண்டு கம்பெனிகளில் டிரைவர் வேலை கேட்டார். இரண்டிலும் பழைய இடத்துக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

அந்த மாதம் முழுக்க வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. ஒரு மத்தியானம் மேனேஜர் செக்கிங் செக்‌ஷனுக்கு வந்தார். சந்தோஷமாக இருந்தார்.

"பாத்தீங்களா, புது டிரைவர் வந்ததுலிருந்து ஒருக்காவாச்சும் நின்னுதுங்களா? அதே வண்டி, அதே பெட்ரோல். கைதான் மாறியிருக்குது. வண்டி நல்லா ஓடறதால நாளையிலிருந்து இன்னும் ரெண்டு பேரு ஏறிக்கலாமுங்க."

சாரதாமணி கையிலிருந்த பனியனைக் கீழே வைத்தாள். "வண்டியச் சரி பண்ணுனதே தங்கவேலு அண்ணனுங்க சார்."

"அப்படீங்களா? அப்பறம் ஏன் அவரு ஓட்டறப்ப மட்டும் நின்னுது?"

டேபிளைச் சுற்றி நின்றவர்கள் குனிந்து பனியன்களைப் புரட்டினார்கள். மேனேஜர் அவள் வைத்த பனியனை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

மறுநாள் சாயங்காலம் பத்துப் பெண்களோடு அம்பாசடர் குன்னத்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. சாரதாமணியின் மடியில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். ஊருக்கு முன்னால் ஏற்றத்தில் ஒருவர் சைக்கிள் கேரியரில் கோழித்தீவன மூட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். பையன் நீளமாக ஹாரன் அடித்தான். சைக்கிள் ரோட்டைவிட்டு இறங்கிச் சேற்றில் நின்றது. கடக்கும்போதுதான் சாரதாமணி முகத்தைப் பார்த்தாள்.

"நிறுத்துங்க தம்பி, தங்கவேலு அண்ணன்!"

"ஏத்தத்துல நிறுத்த முடியாதுங்கக்கா."

அவள் நெருக்கத்தில் கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவர் கை காட்டவில்லை. மூட்டை சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்து, போகிற வண்டியின் சத்தத்தைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.