பின்தோணி

தன் சரித்திர நாவலில் ஒல்லாந்தரின் பாய்க்கப்பல்களைப் பத்தொன்பது அத்தியாயங்களாகப் பந்தாடிய அம்பலவாணனால், அகதியாக வந்து குடியேறிய செவன் கிங்ஸ் நகரில் ஒரு குப்பைத்தொட்டி விசயத்தில் கவுன்சிலை வெல்ல முடியவில்லை. எழுத்தில்தான் அவர் வீரர். கண்பார்வை போனபின் அந்த எழுத்தும் வாயால்தான். ஞாயிறு மத்தியானங்களில் அவர் சொல்லச் சொல்ல, இம்மாகுலேற் தட்டச்சு செய்வாள்.

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன், நிறைமாத வயிற்றோடு போருக்குத் தப்பி, நேவியின் கண்ணில் படாமல் கடல் கடந்து ஓடிவந்த அவளைக் கரைசேர்த்தவர் அவர். அன்று அவர் ஓட்டிய தோணி, இயந்திரம் பழுதான இன்னொரு தோணியைக் கயிறு கட்டி இழுத்துப் போனது. பிள்ளைத்தாய்ச்சி என்று அவளை மட்டும் நல்ல தோணிக்கு மாற்றியிருந்தார்கள். பின்தோணியில் அவளுடைய கணவன் செபமாலைமுத்துவும் இன்னும் பத்துப் பேரும். தோணியில் கண்ட காய்ச்சல் தெளிந்து அவள் எழும்பியபோது, கயிறு அறுந்து பின்தோணி கடலோடு போய்விட்டது என்று அம்பலவாணன் சொன்னார். அவள் நம்பினாள்.

இருபதாம் அத்தியாயத்தில் கப்பலோட்டும் தண்டையல் கதிரவேலை ஒல்லாந்தர் துரத்துகிறார்கள். அவன் கப்பலின் பின்னால் ஒரு தோணி கட்டியிருக்கிறது. வழக்கமாக இந்த இடத்தில் பீரங்கி முழங்கும், அம்பலவாணனும் சேர்ந்து முழங்குவார். இன்று குரல் இறங்கியிருந்தது.

“ஒல்லாந்தக் கப்பலின் வெளிச்சம் தண்ணீரைத் தடவித் தடவிக் கிட்ட வந்தது. பின்தோணியில் ஒருவரும் கத்தவில்லை. பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். தண்டையல் கத்தியை எடுத்து...”

அவருடைய பிழைகளைத் திருத்துவது அவளுக்குப் பழக்கம். ஒருமுறை மாலுமிகளைப் பிளாஸ்டிக் கானில் தண்ணீர் குடிக்க வைத்தவர் அவர். இதையும் சிரித்தபடிதான் தொடங்கினாள்.

“அண்ணை, பாய்க்கப்பலில ஏது சேர்ச் லைற்?”

கேட்டு முடிக்குமுன்பே அவளுடைய சிரிப்பு நின்றது.

“அது நேவியின்ர லைற். கயிறு அறுந்தது எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“வெட்டினனான், தங்கச்சி.”

அந்தக் கைக்கு எத்தனை வருடம் சோறு போட்டிருப்பாள்!

“அவர் அதுக்குள்ள இருந்தவர். என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

அம்பலவாணன் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். உடனே சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இருபது அத்தியாயம் புளுகிய வாய்க்கு அந்த நேரம் ஒரு பொய்யும் வரவில்லை.

அவளுக்கு விளங்கிவிட்டது.

“கேட்டனீங்களோ?”

“உமக்கு அப்ப சரியான காய்ச்சல். நினைவோட கதைக்கேல்ல.”

“நான் என்ன சொன்னனான்?”

“விடும் பிள்ளை. வெட்டினது நான். கதையிலயும் தண்டையல் தன்ர பாட்டிலதான் வெட்டுறான். அப்பிடியே இருக்கட்டும்.”

அவள் நினைவைக் கிளறிப் பார்த்தாள். டீசல் மணம் வந்தது, வாந்தி வந்தது, வயிற்றில் பிள்ளை உதைத்தது வந்தது. தன் குரல் மட்டும் அகப்படவில்லை. கரைசேர்ந்த மூன்றாம் நாள் மகன் சுகமாகப் பிறந்தான் என்பதும் நினைவுக்கு வந்தது; அதுதான் அவளைக் கொன்றது.

விசைப்பலகையைக் கிட்ட இழுத்து ஒரு வரி அடித்தாள். அடித்ததை அவருக்கு வாசித்துக் காட்டினாள்.

“தண்டையல் கத்தியோடு திரும்பி, காலடியில் கிடந்த பெண்ணைக் கேட்டான்.”

“வேண்டாம், தங்கச்சி.”

“அவள் என்ன சொன்னவள் எண்டு சொல்லுங்கோ.”

அவர் அழத் தொடங்கினார். அவள் தேற்றவில்லை, விரல்களை எழுத்துகளின் மேல் வைத்தபடி காத்திருந்தாள்.

“‘கெதியா வெட்டுங்கோ’ எண்டவள்.”

இம்மாகுலேற் அதை ஓர் எழுத்தும் பிசகாமல் அடித்தாள்.