சாட்சி சொல்ல வேண்டியவன்

1

இந்தக் கதை பைபிளில் ஒரு பெயர் வரிசையிலிருந்து பிறந்தது. அப்போஸ்தலர் நடபடிகளில் முதலில் பர்னபாவும் சவுலும் என்று வருகிறது. அதே அதிகாரம் முடிவதற்குள் சவுலுக்குப் பவுல் என்று பெயராகி, பவுலும் பர்னபாவும் ஆகிவிடுகிறது. இத்தனைக்கும், சபையைத் துன்புறுத்திய சவுலைப் பார்த்து எல்லாரும் பயந்தபோது, அவனை அப்போஸ்தலரிடம் கூட்டிப்போனவன் பர்னபாதான். அவனுக்கு வயிறு எரிந்ததா என்று வேதம் சொல்லவில்லை. எனக்கு அதுதான் வேண்டும்.

2

1946, பம்பாய், தாராவி. பிச்சையா பரிசுத்தமான மனத்தோடு...

(அடித்துவிட்டேன். அவன் அப்படிப்பட்டவன் இல்லை.)

தோல் கிடங்குக்காரன் பிச்சையாவின் கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில்தான், அந்த ஜெபக்கூட்டம் தொடங்கியது. அதன்மேல் கல்லெறிந்தவன் நெல்லையப்பன். மனம் திரும்பி வந்தபோது ஒருவரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. பிச்சையாதான் பக்கத்தில் உட்காரவைத்து வேதம் படித்துக் காட்டினான். ஞானஸ்நானத்தில் நெல்லையப்பன் பவுல் ஆனான். பிச்சையாவுக்கும் பர்னபாஸ் என்று ஞானஸ்நானப் பெயர் உண்டு, கூப்பிடத்தான் ஆளில்லை.

இப்போது பவுலின் பிரசங்கம் கேட்கச் சயானிலிருந்தெல்லாம் வருகிறார்கள். பிச்சையாவின் மனைவி எஸ்தரம்மாள் முதல் ஆளாக அழுகிறாள்.

"அவன் பேசினா நெஞ்சுக்குள்ள போவுது" என்றாள்.

"நான் பேசினா?"

"நீங்க பேசினா சோறு வடிக்க நேரமாச்சுன்னு தெரியும்."

அன்றைக்குப் பிச்சையா பாதிச் சோற்றோடு கை கழுவிவிட்டான். பொறாமைதான், வேறென்ன?

3

காட்கோபரில் புதுக் கூட்டம் தொடங்கப் பவுலை அனுப்புவதென்று முடிவாயிற்று. போகிறவனை முதலில் சபைக்குள் கொண்டுவந்தவன், அவன் கையைப் பிடித்து, "இவனுக்கு நான் சாட்சி" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பயணம் இல்லை.*

(* இப்படி ஒரு வழக்கம் எங்கும் இருந்ததாகத் தெரியாது. பர்னபாவிடமிருந்து திருடினேன்.)

பிச்சையா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் பவுல் போகாவிட்டால் ஞாயிறுதோறும் இதே கோலியில் பேசுவான், எஸ்தரம்மாள் அழுவாள். போனாலோ காட்கோபரே அவன் பெயரைச் சொல்லும்.

முடிவு ஒன்று: சாட்சி சொல்கிறான். எனக்கே நம்பிக்கையில்லை.

முடிவு இரண்டு: சொல்லாமல் உட்கார்ந்துவிடு...

இல்லை. பிச்சையா கையைப் பிடித்துவிட்டான். பவுல் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"அண்ணாச்சி, கெட்டியாப் பிடிங்க. கல்லெறிஞ்ச கையில்லா, நடுங்குது."

4

பாருங்கள், பிச்சையாவுக்காக ஆரம்பித்த கதையில் நல்ல வசனத்தை நானும் பவுலுக்கே கொடுத்துவிட்டேன். பிச்சையா என்னைத் திரும்பிப் பார்க்கிறான். சபை காத்திருக்கிறது.

இனி அவன் சொல்வதை, அல்லது சொல்லாததை, நீங்கள் எழுதுங்கள். எழுதும்போது ஒரு தடவையாவது அவனைப் பர்னபாஸ் என்று கூப்பிடுங்கள்.