கபிரியேல் படித்த கடல்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில், கபிரியேல் வீட்டு ஹாலுக்குள் கடல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. அப்போது அவர் ஏர்கோன் குளிரைப் பதினெட்டில் வைத்து, சோபாவில் சாய்ந்து, துருவப் பனி உருகுவதைப் பற்றி போனில் படித்துக்கொண்டிருந்தார். கால் நனைந்ததும், மனைவி உர்சுலா தரை துடைக்கிறார் என்று நினைத்துக் காலை மட்டும் தூக்கிக்கொண்டார். கட்டுரையை முடித்த பிறகுதான் கீழே பார்த்தார்.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றது முதல் அவர் இப்படித்தான். காடு எரிவது, பவளப்பாறை வெளுப்பது, தேனீ குறைவது, எதையும் விடமாட்டார். படித்ததைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவார். கட்டைவிரல் ஒன்று வரும், அதுவும் பெரும்பாலும் அவரே கை தவறி அழுத்தியது. பிளாஸ்டிக் கூடாது என்று வாங்கிய துணிப்பைகள் காரின் பின்னால் பத்திரமாக இருந்தன. பாசாரில் வாங்கும் மீனை பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து அவற்றின் மேல்தான் வைப்பார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு யோக்கியதை கிடையாது. நாங்கள் படிக்கக்கூட இல்லை.

தண்ணீர் உப்புக் கரித்தது. மெனேஜ்மென்ட் ஆபீஸ் அனுப்பிய ப்ளம்பர் எல்லாக் குழாயையும் மூடிப் பார்த்தார், ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார், "இது பைப் தண்ணி இல்ல பாஸ், கடல்" என்றார். கடல் தன் வேலையில் சேராது என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நேர்கீழே பத்தாவது மாடியில் இருக்கும் ரியாஸ், தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர், ஏறி வந்தார்.

"அங்கிள், என் சீலிங் பூரா உப்பு பூத்துக் கிடக்கு. நேத்து ஒரு நெத்திலி வேற லேப்டாப் மேல விழுந்துச்சு."

"உலகத்துல என்னா நடக்குதுன்னு தெரியுமா தம்பி? பனியெல்லாம் உருகி..."

"தெரியும் அங்கிள். என் சீலிங் வழியாத்தான் வருது."

உர்சுலாதான் கண்டுபிடித்தார்: படித்தால் ஏறுகிறது, போனை வைத்தால் இறங்குகிறது. தேனீ என்றால் ஒரு விரல் அளவு, பனி என்றால் கணுக்கால். கபிரியேல் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படி இல்லை என்று நிரூபிக்க இன்னும் கொஞ்சம் படித்தார், சோபா மிதந்தது. செங்கல் சூளை இருந்த ஊர் என்றுதான் பேர், பிரிக்பீல்ட்ஸில் நாலு செங்கல் கிடைக்கவில்லை. பூச்சோங் போய் வாங்கி வந்து சோபாவையும் பிரிட்ஜையும் தூக்கி வைத்தார்கள். மாதங்கள் ஓடின.

இதற்கிடையில் மகள் ஏமிக்குச் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளை மார்வின், கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு. கடல் பெருகும் நாட்களில் அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருவது வருடா வருடம் நடப்பது. இந்த வருடம் ஒரு சொட்டு வரவில்லை என்று மார்வினின் அம்மா போனில் பூரித்துப்போனார். "புதுக் கார்பெட்டே போட்டுட்டேன் சம்மந்தி. எல்லாம் அந்தோனியார் புண்ணியம்." உர்சுலாவும் கணுக்கால் தண்ணீரில் நின்றபடி அந்தோனியாருக்கு நன்றி சொன்னார்.

நிச்சயதார்த்தம் பெண் வீட்டில் என்று முடிவானது. உர்சுலா கணவர் முன்னால் வந்து நின்றார்.

"வர்றவங்க எல்லாம் என் வீட்ல பேண்ட்ட மடிச்சு விட்டுக்கிட்டு நிக்கணுமா? உங்களுக்கு உலகம் முக்கியமா, ஏமி முக்கியமா?"

"ரெண்டுந்தான்..."

"போனக் குடுங்க."

போன் அரிசி டின்னுக்குள் போனது. கபிரியேல் ஷாம்பு பாட்டிலைப் படித்தார், பிஸ்கட் பாக்கெட்டைப் படித்தார். ஒரு வாரத்தில் தரை காய்ந்தது. உர்சுலா சுவரில் இருந்த உப்புக்கறையைத் தேய்த்துக் கழுவி, அலமாரிக்கு அடியில் ஒளிந்திருந்த நண்டைப் பிடித்து ரியாஸிடம் கொடுத்தார்.

நிச்சயத்தன்று காலையில், பிரியாணி தம்மில் இருக்கும்போது, மார்வினின் அம்மா கூப்பிட்டார். "வர முடியாது போல லா, சம்மந்தி. ஒரு வாரமா ஏறி ஏறி இன்னிக்கு இடுப்பளவு தண்ணி. கார் ஸ்டார்ட் ஆகல. மோதிரம் வச்ச பீரோ திறக்க மாட்டேங்குது. எனக்கு மனசே சரியில்ல. இந்தப் பேச்ச இதோட விட்டுரலாமான்னு தோணுது."

ஏமி அம்மாவின் தோளைத் தட்டினாள். "எந்த நாள்ல இருந்துன்னு கேளுங்க மம்மி."

கேட்டார். போன் அரிசி டின்னுக்குள் போன அதே நாள்.

உர்சுலா தான் பளபளவென்று துடைத்து வைத்த தரையை ஒரு முறை பார்த்தார். பட்டுச்சேலையை முட்டி வரை தூக்கிச் செருகினார். அரிசி டின்னைத் திறந்தார்.

"படிங்க."

"எத?"

"பனிதான். இருக்கறதுலயே பெருசா எடுங்க. சத்தமாப் படிங்க."

கபிரியேலிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கோயிலில் வாசகம் வாசிப்பவர் போல எழுந்து நின்று ஆரம்பித்தார். கதவிடுக்கில் தண்ணீர் வந்தது. ஏமி கேக்கை பிரிட்ஜ் மேல் ஏற்றினாள். பாதியில் உர்சுலா நிறுத்தினார். "இதெல்லாம் நெசமாவா?"

"நெசந்தான்."

"அப்பறம் ஏன் முன்னயே சொல்லல?"

"ஆறு வருஷமா குரூப்புல போடறேன் லா!"

தண்ணீர் முட்டியைத் தொட்டபோது மார்வின் கூப்பிட்டான்: இங்கே எல்லாம் வடிந்துவிட்டது, கிளம்பிவிட்டோம். மத்தியானத்துக்குள் வந்தார்கள். கிள்ளான்காரர்கள் வாசலிலேயே, யாரும் சொல்லாமல், பேண்ட்டை மடித்துக்கொண்டார்கள். சமையலறையிலிருந்து தன் புதுக் கார்பெட் மிதந்து வருவதைப் பார்த்த மார்வினின் அம்மா, பால்கனியில் காயப்போட இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். மோதிரம் மாற்றினார்கள். பிரியாணியில் உப்பு சரியாக இருந்தது.

அதன் பிறகு முறை வைத்துப் படிக்கிறார்கள். கடல் பெருகும் நேரத்தை மார்வினின் அம்மா முன்கூட்டியே சொல்லிவிடுவார். பூசை முடிந்து வந்ததும் உர்சுலா படிப்பார். ஏமி வேலைக்குப் போகும் ரயிலில் படிக்கிறாள்; அந்தப் பெட்டியில் போகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். கபிரியேல் ஏர்கோனை இருபத்துநாலில் வைத்துக்கொண்டு, வேர்க்கிறது என்று முனகியபடி மீதியைப் படிக்கிறார். ரியாஸ் சீலிங்கைச் சுரண்டி மாடி மாடியாக உப்புக் கொடுக்கிறார். கொஞ்சம் நெத்திலி வாசம், குழம்புக்குப் பரவாயில்லை. அதைச் சாப்பிட்டோ என்னவோ, எங்களில் சிலரும் இப்போது படிக்கிறோம். மூன்றாவது மாடிக் கமலநாதன் தலைப்போடு நிறுத்திவிடுவார். அவர் வீட்டில் வாசல் மிதியடி மட்டும் நனைகிறது.