அடைப்புக்காரர் வீட்டுப் பூனை

முதல் நாள் பூனை அவருடைய வேலைப் பையில் ஒன்றுக்குப் போனது. இரண்டாம் நாள் இடது ஷூவில். மூன்றாம் நாள், குளியலறைத் தரையில் கழற்றிப் போட்டிருந்த சட்டையில். அதன் பிறகு மறுபடியும் பையில். வீட்டில் வேறு இடமா இல்லை? முன்னறையில் மனைவியின் தையல் மெஷினைச் சுற்றி ஊரார் துணியெல்லாம் மேஜை மேஜையாகக் குவிந்து கிடந்தது. அதில் ஒரு நூலைக்கூட அது நனைக்கவில்லை. ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அவர் பிளம்பர். ஆனால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், அடைப்புக்காரர் என்றுதான் சொல்வார்கள். குழாய் மாற்ற, தொட்டி பொருத்த ஆயிரம் பேர் உண்டு. நாலு பேர் பார்த்துக் கைவிட்ட அடைப்பை எடுக்க இவர்தான் வர வேண்டும். வயது ஐம்பத்தெட்டு. முதல் மனைவி போனபின் ஒன்பது வருடம் தானே சமைத்துத் தானே சாப்பிட்டு அலுத்துப்போய், இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தத் தையல்காரியைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் வீட்டுக்கே குடிவந்தார். அவளும் கணவனை இழந்தவள். வீடு அவளுடையது, பூனையும் அவளுடையது. அந்த வீட்டில் பூனை அவரைவிட நாலு வருடம் சீனியர்.

அவள் அதைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். "தம்பி சாப்பிட்டானா?", "தம்பி தூங்கறான், மெதுவாப் பேசுங்க" என்று நாள் முழுக்கத் தம்பி புராணம்தான். ஆரம்பத்தில் அவருக்கும் இது பிடித்திருந்தது. மனைவிக்குத் தம்பி என்றால் நமக்கு மச்சான்தானே என்று முறை வைத்து, "என்ன மச்சான், சௌக்கியமா?" என்று அதன் தலையைத் தட்டிவிட்டு வேலைக்குப் போவார். முறை வைத்ததுதான் வினையாகப் போயிற்று. வெறும் பூனை மூத்திரம் பெய்தால் அது மூத்திரம். மச்சான் பெய்தால் அதற்கு அர்த்தம் இருந்தே ஆக வேண்டும்.

"வயித்தெரிச்சல்" என்றார் மனைவியிடம். "அக்காவைக் கட்டிக்கிட்டுப் போனவன் மேல வயித்தெரிச்சல். வேற ஒன்னுமில்ல."

"நீங்க எங்கயும் கட்டிக்கிட்டுப் போகலையே, இங்கதானே வந்திருக்கீங்க" என்றாள் அவள்.

அதுதான் இன்னும் வலித்தது. ஆனாலும் அவர் நியாயஸ்தர், முதலில் சமாதானமாகத்தான் போனார். பூனை ஒதுங்குவதற்கு வைத்திருந்த மணல் தட்டில் புது மணல் கொட்டினார். அது மோந்து பார்த்துவிட்டுப் பைக்குப் போனது. பிறகு தொழில் மூளை வேலை செய்தது. பழைய தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் தொட்டியை அறுத்து, அடியில் மட்டம் பார்த்துச் சரிவு வைத்து, ஓட்டை போட்டுக் குழாய் மாட்டி, நேராகச் சாக்கடைக்கு இணைப்புக் கொடுத்தார். மனிதர்களுக்கே பல வீடுகளில் அப்படிப்பட்ட வசதி கிடையாது. பூனை ஏறி உட்கார்ந்தது, வெகுநேரம் உட்கார்ந்திருந்தது, அவரைப் பார்த்து அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டது, இறங்கிப்போய் ஷூவில் உட்கார்ந்தது.

"பாத்தியா, திட்டிட்டுப் போறான்!"

கடைசியில் கழிவறை கழுவும் ஆசிட்டை எடுத்து வீடு முழுக்கத் தேய்த்துக் கழுவினார். பூனை நாற்றம் போகவில்லை, மனிதர்கள்தான் கண்ணில் நீர் வழிய வெளியே போய் நின்றார்கள். அன்றைக்குத்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இந்த வீட்டுல அதுவா நானான்னு நீயே முடிவு பண்ணு."

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பதில் உடனே வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓர் ஆண்பிள்ளையையும் ஒரு பூனையையும் எடைபோட ஒரு பெண்ணுக்கு இவ்வளவு நேரமா ஆகும் என்று அவருக்கு வியர்த்துவிட்டது. பிறகு அவள் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் குடோன்ல கொண்டுபோய் விட்டுடலாம். அங்க எலி நிறைய இருக்காம்."

அதோடு அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். சண்டை இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. "சாப்பாடு இருக்கு", "சாவி ஆணியில மாட்டியிருக்கு", அவ்வளவுதான். ஜெயித்தவருக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூனை போய்விடும், சரி, அவள் பேச்சு திரும்பி வருமா? வராவிட்டால் மறுபடியும் ஒன்பது வருடம் மாதிரிதான், ஒரே வித்தியாசம் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பாள். அதை நினைத்தால் அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு வீட்டில் சமையலறை முழுக்கத் தண்ணீர் நிற்கிறது என்று கூப்பிட்டார்கள். அவர் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருக்க, அந்த வீட்டு மாமியார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இவ வேணும்னேதான் பண்றா தம்பி. நான் நடக்கற இடமாப் பார்த்துக் கொட்டறா. மூணு வாரமாச் சொல்றேன், கேக்கறாளா?"

"அம்மா, தண்ணி வெளிய வந்தா யாரோ கொட்டறாங்கன்னு அர்த்தமில்ல" என்றார் அவர், முப்பது வருடமாகச் சொல்லிப் பழகிய வாயோடு. "போக வேண்டிய வழியில போக முடியலன்னு அர்த்தம். உள்ள எங்கயோ அடைப்பு. திட்டினா அடைப்பு போயிடுமா?"

சொல்லி முடித்ததும் கை நின்றுவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். அன்றைக்கு உபதேசம் வழிதவறி உபதேசம் செய்தவர் காதிலேயே விழுந்துவிட்டது. முதல் நாள் பை ஊறிப்போயிருந்தது. போன வாரம் உள்ளங்கையளவு. நேற்று நாலு சொட்டு. இன்று காலை ஷூவில் இருந்தது ஒரே ஒரு சொட்டு, அதுவும் லேசான சிவப்பு. ஷூ சாயம் என்று நினைத்துத் துடைத்துவிட்டு வந்திருந்தார். பூனை அந்தப் பிளாஸ்டிக் தொட்டியில் உட்கார்ந்து போட்ட சத்தம் திட்டு இல்லை.

அவசரமாக எழுந்தவருக்குத் தலை தொட்டியில் மோதியது. "ஒரு வாளி வெச்சிருக்கேம்மா, வந்துடறேன்" என்று கழற்றிய குழாயை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். எடுத்த வேலையைப் பாதியில் விட்டது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வீட்டில் பூனை குளியலறை மூலையில் முதுகை வளைத்து முக்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். "அனுப்பப் போறோம்னு தெரிஞ்சுடுச்சு போல" என்றாள். அவளும் மூன்று வாரமாக அதைக் கோபமென்றுதான் நினைத்திருந்தாள்.

"எழுந்திரும்மா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார் அவர். "தம்பிக்கு அடைப்பு."

மிருக டாக்டர் சின்னப் பெண். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. "மூத்திரப்பை கல்லு மாதிரி இருக்கு. ஆண் பூனைக்கு வழி ரொம்பக் குறுகல், மூத்திரத்துல உப்புப் பொடி சேர்ந்து அடைச்சிருக்கும். இன்னும் ரெண்டு நாள், ஞாயித்துக்கிழமை வரைக்கும் விட்டிருந்தா தாங்கியிருக்காது."

குடோனின் பெயரைக்கூட யாரும் அங்கே எடுக்கவில்லை.

"ஏன் டாக்டர் என் பையில மட்டும்?" என்று கேட்டார், குரல் இறங்கி.

"தட்டுல உட்கார்ந்தப்பல்லாம் எரிஞ்சிருக்கு. தட்டுதான் எரிய வெக்குதுன்னு நினைச்சு வேற இடம் தேடும். உங்க பை தரையில கிடந்திருக்கும், மெத்துன்னு இருந்திருக்கும். எரிச்சல், அவ்வளவுதான்."

"அதைத்தான் இவரும் சொன்னாரு, வயித்தெரிச்சல்னு" என்றாள் மனைவி.

டாக்டர் எழுத ஆரம்பித்தாள். "என்னென்ன பண்ணுச்சு, சொல்லுங்க."

அடைப்பைப் பற்றிக் கேட்டால் அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா? "அவசரமா வரும் டாக்டர். போய் நின்னா வராது. விட்டு விட்டு, சொட்டு சொட்டா வரும். முடிஞ்சுதுன்னு வெளிய வந்தா, வந்த வேகத்துல மறுபடி போகணும்னு தோணும். பஸ்ல ஏறினா இறங்கற வரைக்கும் அதே நினைப்பாவே இருக்கும்."

டாக்டரின் பேனா நின்றது. "பூனை பஸ்ல போகுமா?"

அவர் கூரையைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். பூனை மட்டும் யாரையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டது.

மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள். மூன்று நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். அண்ணனுக்குப் போன் செய்து எலிக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லியாயிற்று. பூனைக்குத் தனிச் சாப்பாடு, இரண்டு சாதாரண மணல் தட்டு, நிறையத் தண்ணீர். மனைவியும் பேச ஆரம்பித்துவிட்டாள், நிறையவே பேசினாள். பஸ் விஷயத்தை மட்டும் எடுக்கவில்லை. தப்பித்தோம் என்றிருந்தார். ஒரு வாரம் கழித்து, அவர் வேலைக்குக் கிளம்பும்போது அவளும் கிளம்பி வாசலில் நின்றாள். ஆஸ்பத்திரியில் அவர் பெயரில் சீட்டு வாங்கியாயிற்று என்றாள்.

இந்த டாக்டர் மனிதர்களுக்கானவர். "எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார்.

"ஒரு மாசமா" என்றார் அடைப்புக்காரர்.

"ரெண்டு வருஷமா டாக்டர்" என்றாள் மனைவி. "கல்யாணம் ஆன நாள்லேருந்து."

பரிசோதனைக்குக் கொடுத்த சின்ன டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"எப்படிக் கேக்கறது? எவன் வீட்டுலயாவது தண்ணி சொட்டினா சண்டைக்குப் போற மனுஷன், பாத்ரூம் உள்ள போனா முதல்ல குழாயைத் திறந்துவிடறீங்க. சொட்டற சத்தம் எனக்குக் கேக்கக் கூடாதுன்னுதானே?"

அவர் டப்பாவைச் சட்டைப் பைக்குள் மறைத்தார்.

"அவனுக்கு வலிச்சுது, நம்ம கண்ணு முன்னாடி வந்து காட்டினான். நமக்குப் புரியலன்னதும் மறுபடி மறுபடி காட்டினான். உங்களுக்கு வலிச்சுது, நீங்க கதவைச் சாத்திக்கிட்டீங்க" என்றாள் அவள். "இப்ப சொல்லுங்க, நம்ம வீட்டுல யாருங்க வாயில்லா ஜீவன்?"